பல்லுக்குக் கொடுத்த மாத்திரை

பல் டாக்டரிடம் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புகிறவர்களை எங்காவது பார்த்ததுண்டா? இந்த டாக்டரிடம் பார்க்கலாம். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய மாடிப்படி. அதில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள், இறங்கும்போது வாயில் பஞ்சைக் கடித்தபடி கோணலாகச் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். 'நோகாத டாக்டர்' என்றுதான் அவருக்குப் பெயர். ஊசி இறங்குவது தெரியாது, பல் வெளியே வருவதும் தெரியாது. பிடுங்கிய பல்லைத் தட்டில் டங்கென்று போடுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் பாதிப் பேருக்கு விஷயமே தெரியும். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கை.

கையைப் பற்றிச் சொன்னதை மற்றதற்கும் சேர்த்துச் சொல்ல முடிந்திருந்தால் இவருடைய கதையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆள் ஐம்பதைத் தாண்டியவர். வழுக்கைத் தலை, நல்ல குரல். வேலை செய்யும்போது வாய்க்குள் எதையோ முனகிப் பாடிக்கொண்டே இருப்பார். நாற்காலியில் படுத்திருக்கிறவருக்கு வாயைத் திறந்து பதில் சொல்ல வழியில்லாத நேரமாகப் பார்த்து வீட்டு விவகாரமெல்லாம் விசாரிப்பார். ஊருக்கெல்லாம் இனிப்பு சாப்பிடாதே என்று சொல்லிவிட்டு மேசை இழுப்பறையில் மிட்டாய் வைத்திருப்பார். மொத்தத்தில் நல்ல மனிதர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம். வீக்கம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கசாப்புக் கடைக்காரருக்குப் பல் எடுத்தார். அந்த ஆள் சொன்ன பேச்சைக் கேட்காமல் அன்றைக்கே புகைபிடித்து, காயத்தைக் குச்சியால் குடைந்து, கன்னம் வீங்கி வந்து நின்றார். மேலே ஏறி வந்து கேட்டிருந்தால் பரவாயில்லை. தெருவில் நின்றுகொண்டு, "எறங்கி வாய்யா டாக்டர்!" என்று கத்தினார். கண்ணாடிக் கடையில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். டாக்டருக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து அவர் கையால் பல் எடுத்த ஒருவரையும் ஆன்டிபயாடிக் மாத்திரை இல்லாமல் அவர் வெளியே அனுப்பியதில்லை. காய்ச்சல் இருக்கிறதா, சீழ் இருக்கிறதா, உடம்பில் வேறு ஏதாவது கோளாறு உண்டா என்றெல்லாம் பார்ப்பது கிடையாது. எல்லோருக்கும் உண்டு. மாத்திரை சாப்பிட்டது நோயாளிகள். பயம் தெளிந்தது டாக்டருக்கு.

வர வர அது பல் எடுத்தவர்களோடு நிற்கவில்லை. பல் கூசுகிறதா, மாத்திரை. ஈறில் ரத்தமா, மாத்திரை. பல்லைத் திறந்து உள்ளே அழுகிக் கிடக்கிற நரம்பை எடுத்தால்தான் தீரும் என்று அவருக்கே தெரிந்த வலிக்கும், "மொதல்ல இத சாப்பிட்டு வாங்க" என்று மாத்திரை.

இதற்கெல்லாம் வசதி செய்து கொடுத்தது அவருடைய அக்கா. கணவர் இறந்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கிளினிக்கின் முன்மேசைக்கு வந்து உட்கார்ந்தவர். வந்த பிறகுதான் கிளினிக் கிளினிக்காயிற்று என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். யாருக்கு எந்த நேரம், யார் பயந்தாங்கொள்ளி, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. ஆள் எதிரில் இருந்தால் தம்பியை "டாக்டர்" என்பார். கதவைச் சாத்தியதும் "டேய்" என்பார்.

கூட்டமில்லாத மதிய வேளைகளில் அக்கா கவர் போடுவார். பழுப்புக் காகித உறையில் ஆன்டிபயாடிக் ஒரு அட்டை, வலி மாத்திரை கொஞ்சம், அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொன்று. ஒட்டி, அடுக்கி, பிஸ்கட் டப்பாவில் நிமிர்த்தி வைத்துவிடுவார். அதற்குப் பெயரே 'பாதுகாப்புக் கவர்'. உள்ளே இருந்து டாக்டர், "அக்கா, ஒரு கவர்" என்றால் போதும். பல நாள் அதுவும் தேவைப்படாது. பஞ்சைக் கடித்துக்கொண்டு ஆள் வெளியே வரும்போதே கவர் மேசை மேல் இருக்கும். கூடவே அக்காவின் பிரசங்கமும்.

"நடுவுல நிறுத்தக்கூடாது. வலி போயிடுச்சுன்னு தூக்கிப் போட்டீங்கன்னா அடுத்த தடவை டாக்டர் உங்க பல்லைத் தொடமாட்டார், சொல்லிட்டேன்."

டாக்டர் அப்படித் தொடமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்ததால் மறுத்ததும் இல்லை.

டாக்டரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் ஏன், எதற்கு என்று கேட்டுப் பழகியவர். "பல்லு விளக்க வர்றவங்களுக்கும் கவரா? வழி தெரியாம மாடி ஏறி வந்தவனுக்கும் ஒண்ணு குடுத்து அனுப்புவீங்களா?" என்று கேலி செய்வார். டாக்டர் சிரிப்பார். கல்லூரியில் ஆன்டிபயாடிக் பற்றி அவர் படித்தது ஒரு பரீட்சைக்கு. பரீட்சை முடிந்ததும் படித்தது பறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பை தூக்கி வருகிற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி சொன்னதுதான். "இது போன மாத்திரையை விட ஸ்ட்ராங் சார்" என்பார் அவர். டாக்டரும் ஸ்ட்ராங்கானதற்கு மாறுவார். அந்த மாத்திரை உடம்புக்குள் போய் வேறு என்னவெல்லாம் செய்யும் என்று அவரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

அக்காவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிப் போயிற்று. ஊரார் பல்லுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கிறவர் தன் பல்லுக்கு மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள் தம்பியே கையைப் பிடித்து இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பல் தட்டில் விழுந்தது.

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை மாசம் ஓடி ஒளிஞ்சேன்?"

"ஓடினது நீ. பல்லு அங்கேயேதான் இருந்துச்சு."

சுத்தமாக வந்த பல். சீழ் இல்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. ரத்தம்கூடச் சீக்கிரம் நின்றது. அக்கா எழுந்து போய்த் தன் டப்பாவிலிருந்து தானே ஒரு கவரை எடுத்தார். டாக்டர் பதறிப்போய்ப் பிடுங்கினார். "ஐயோ, அது உனக்கு ஆகாது. சின்ன வயசுல அதே மருந்தை ஊசியாப் போட்டதுக்கே உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சே, மறந்துட்டியா?" அந்த வகை மாத்திரைக்குப் பதிலாக வேறொரு கேப்சூலை வரவழைத்து அக்காவுக்கென்றே தனிக் கவர் போட்டார். எவ்வளவு அக்கறை பாருங்கள். ஆகாததை ஞாபகம் வைத்திருந்து தடுத்தோமே என்று அவருக்கு உள்ளூரப் பெருமைகூட. அந்தப் பெருமையை நினைத்துப் பிற்பாடு அவரே வெட்கப்பட்டார்.

ஊருக்குப் பிரசங்கம் செய்கிறவர் ஒரு வேளை தவற விடுவாரா? அக்கா கடைசி கேப்சூல் வரை விடாமல் விழுங்கினார். முடிக்கும்போதே வயிறு சரியில்லை. முதலில் வெளியே சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பிறகு தண்ணீர் சரியில்லை என்றார்கள். அக்கா மேசைக்கும் பாத்ரூமுக்குமாக நடந்து நடந்து ஓய்ந்து போய் வீட்டிலேயே படுத்துவிட்டார்.

"எத்தனை தடவை போச்சுக்கா?"

"எண்ணிக்கிட்டிருக்கிற நெலமையிலயா இருக்கேன்? போடா."

"வயித்து டாக்டர்கிட்ட காட்டலாமே" என்றார் மனைவி.

"வயித்துப்போக்குக்கு ஒரு டாக்டரா? நான் என்ன தச்சனா?" என்றார் இவர். கீழே மருந்துக் கடையில் போக்கை நிறுத்துகிற மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். போக்கும் நின்றது. டாக்டர் நிம்மதியாக இரண்டு பேருக்குப் பல் எடுத்தார். இருவருக்கும் கவர் கொடுத்தார்.

நின்ற பிறகுதான் வயிறு ஊத ஆரம்பித்தது. காய்ச்சல் கொதித்தது. அக்கா எழுந்து பாத்ரூமுக்குப் போனவர் கதவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளை உடைத்துத் தூக்கும்போது உடம்பு துவண்டு கிடந்தது. வயிறு மட்டும் தட்டினால் சத்தம் வருகிற மாதிரி விறைத்து நின்றது. டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிதான் வண்டி பிடித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், திரை மறைவுக்குப் பின்னால் அக்காவுக்கு ஊசிகள் ஏறிக்கொண்டிருந்தன. டூட்டி டாக்டர் வாசலுக்கு வந்து இவரிடம் விசாரித்தார். சர்க்கரை உண்டா? இல்லை. ரத்த அழுத்தம்? இல்லை. வெளியூர்ப் பயணம்? இல்லை.

"சமீபத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தாங்களா?"

"இல்ல" என்றார் இவர்.

யோசிக்கக்கூட இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தன் கையால் தனிக் கவர் போட்டுக் கொடுத்த மனிதர், மனசார, இல்லை என்றார். கேட்டது ஒரு டாக்டர், சொன்னதும் ஒரு டாக்டர். அதனால் டூட்டி டாக்டரும் மறுபடி கேட்கவில்லை. கெட்டுப்போன எதையோ சாப்பிட்டு வந்த தொற்று என்று முடிவு செய்து இன்னொரு ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியாக ஏற்றினார்கள்.

மறுநாள் காலையில் அக்காவின் நிலைமை மோசமாகியிருந்தது. குடல் நிபுணரான பெரிய டாக்டரம்மா வந்தார். ஸ்கேன் படத்தைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், சீட்டைப் படித்தார். வெளியே வந்து டாக்டரையும், மாற்றுத் துணியோடு அப்போதுதான் வந்து சேர்ந்த மனைவியையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"திரும்பக் கேக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒரு மாசத்துக்குள்ள ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிடலையா?"

"இல்லங்க டாக்டர். நேத்தே சொன்னேனே."

"என்னங்க," என்றார் மனைவி. "பல்லு புடுங்கினீங்களே. அண்ணிக்குத் தனியா கவர் குடுத்தீங்களே?"

"அது…" என்றார் இவர். "அது பல்லுக்குக் குடுத்தது."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "பல்லுக்குக் குடுத்தா வயித்துக்குப் போகாதா சார்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லுக்குக் கொடுத்தது. ஆமாம், வாய் வழியாகக் கொடுத்தது. வயிற்றுக்குத்தான் போகும். எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இத்தனை காலம், இத்தனை வாய்களுக்குள், தாடைக்குக் கீழே மனிதருக்கு உடம்பே கிடையாது என்பது போல அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எந்த மாத்திரை?" என்று கேட்டார் டாக்டரம்மா. இவர் பெயரைச் சொன்னார். டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு விளக்கமாகச் சொன்னார். குடலுக்குள் நமக்கு வேண்டிய நல்ல கிருமிகள் கோடி கோடியாக இருக்கின்றன. ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்து அழித்துவிடும். இடம் காலியானதும் ஒரே ஒரு பொல்லாத கிருமி மட்டும் பெருகி, விஷத்தைக் கக்கிக் குடலைப் புண்ணாக்கும். எந்த ஆன்டிபயாடிக்கிலும் இது வரலாம், அவர் கொடுத்த கேப்சூலில் அதிகம். "போக்கை நிறுத்துற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். இவர் தலையாட்டினார். "வெளிய போயிட்டிருந்த விஷத்தை உள்ளயே அடைச்சு வெச்ச மாதிரி ஆயிடுச்சு" என்றார். "நேத்து நீங்க சொல்லியிருந்தா நேத்தே இதுக்குண்டான மருந்தை ஆரம்பிச்சிருப்போம். இப்போ மருந்து குடுக்கிறோம், ஆனா பெருங்குடல் கிழிஞ்சிடும் போல இருக்கு. எடுத்துடணும். எடுத்தாலும் பொழைப்பாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக ஒரு பெருங்குடல். டாக்டர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டபோது, பல் நரம்பின் நூலிழையைத் துழாவி எடுக்கிற அந்தக் கை ஆடிய ஆட்டத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. நர்ஸ் வேறு தாள் கொண்டுவந்தார்.

ஆபரேஷன் நடந்த நேரமெல்லாம் அவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பல் மருத்துவக் கல்லூரியில் வாத்தியாராக இருக்கும் தன் வகுப்புத் தோழனைப் போனில் கூப்பிட்டார். நல்ல ஆரோக்கியமான ஆள், சாதாரணப் பல் பிடுங்கல், ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்டா" என்றான் தோழன். "எதுக்கு? இதய வால்வுல கோளாறு, எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒடம்பு, மொகமெல்லாம் வீங்கிக் காய்ச்சல், இப்படி இருந்தாத்தான் யோசிக்கணும். பல் வலிக்கு அது கேக்கவே கேக்காது, பல்லைத் தொறந்து சரி பண்ணினாத்தான் போகும். ஏன், என்ன விஷயம்?"

"இதெல்லாம் எப்போ கண்டுபிடிச்சாங்க?"

"எப்போவா? பழைய கதைடா. பசங்களுக்கு வருஷா வருஷம் நடத்தறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலை இறக்கிச் சொன்னான்: "என்ன, சாயந்தரம் என் கிளினிக்ல நானும் எழுதிக் குடுத்துடறேன். ஜனங்க கேக்கிறாங்களே. குடுக்கலைன்னா வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்க."

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அதையே வெறித்துப் பார்த்தார். தெரியாமல் செய்த தன்னைவிட மோசமாக, தெரிந்தே செய்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று ஒரு கணம் ஆறுதல் போல ஏதோ தலைதூக்கியது. அடுத்த கணமே அந்த ஆறுதலை நினைத்து உடம்பு கூசிற்று. உள்ளே அக்காவின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா பிழைத்தார். எமனிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி, பாதி உடம்பாகப் பிழைத்தார். அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு துளை, அதில் ஒட்டிய ஒரு பை. இனி மலம் அதன் வழியாகத்தான். காலத்துக்கும் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எதற்கும் மூக்கைச் சுளிக்கிற, கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைத்துக்கொள்கிற அக்கா, அந்தப் பையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பேசுகிற அளவுக்குத் தெளிந்த பிறகு ஒரு மதியம் டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கவர். கேப்சூல். போக்கை நிறுத்திய மாத்திரை. ஆஸ்பத்திரி வாசலில் தான் சொன்ன இல்லை. எதையும் விடவில்லை. "தேவையே இல்லாத மாத்திரைக்கா. நான்தான் குடுத்தேன்" என்று முடித்தார். அக்கா ஒரு அறை கொடுத்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது அவருக்கு. கன்னத்தைக் காட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்.

அக்கா திட்டவில்லை. அவர் முகம் வேறு விதமாக மாறியது. எதையோ தேடுவது போலக் கண்கள் அலைந்தன.

"டேய், அந்த பஸ் டிரைவர் ஞாபகம் இருக்கா? சத்தமாச் சிரிப்பாரே, மீசைக்காரர்?"

"யாரு?"

"மழைக்காலத்துல வந்தாருடா. பல்லு எடுத்தே. அதுக்கப்புறம் ஒரு நாள் அவர் வீட்டம்மா போன் பண்ணாங்க. மாத்திரை சாப்பிட்டதுலேர்ந்து வயித்தால போயிட்டே இருக்கு, நிறுத்தட்டுமான்னு கேட்டாங்க. நீ உள்ள வேலையா இருந்தே." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நான்தான் சொன்னேன். பல்லுக்கும் வயித்துக்கும் என்னம்மா சம்பந்தம், நடுவுல நிறுத்தக்கூடாது, முடிச்சுடச் சொல்லுங்கன்னு. அதட்டியே சொன்னேன்டா."

டாக்டர் ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க கூப்பிடல. சரியாயிடுச்சுன்னு நெனைச்சேன்."

திரும்பி வராதவர்கள் எல்லாம் குணமாகிவிட்டவர்கள். அப்படித்தான் இத்தனை காலமும் டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தார். வீங்கி வந்தவர் ஒருவரை மறக்காமல் வைத்திருந்தார். வராமலே போனவர்களை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. எத்தனை கவர்கள்! எத்தனை பேர் அந்தக் குறுகலான படியில் இறங்கிப் போய், எந்த வீட்டில் எந்தப் பாத்ரூமில் விழுந்தார்களோ, யாருக்குத் தெரியும்?

"போய்ப் பாருடா" என்றார் அக்கா. "பஸ் டிப்போவுக்குப் பின்னாடி, டயர்க் கடைச் சந்து. பச்சைக் கேட்டு. போன் பண்ணாத. நேர்ல போ."

டாக்டர் போனார். டயர்க் கடைச் சந்தில் ஒட்டுப்போட்ட டயர்களைத் தாண்டி நடக்கும்போது, அந்த மீசைக்காரர் கதவைத் திறந்து சத்தமாகச் சிரிக்க வேண்டும் என்று அவர் வேண்டிய வேண்டுதல் கொஞ்சநஞ்சமல்ல. குடல் போயிருந்தாலும் பரவாயில்லை, பையோடு நின்றாலும் பரவாயில்லை, நாலு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆள் இருந்தால் போதும்.

பச்சைக் கேட்டைத் திறந்தது ஒரு அம்மா. ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "ஐயோ, டாக்டரா! உள்ள வாங்க, வாங்க." நாற்காலி மேலிருந்த மடித்த துணிகளை அள்ளி எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். சுவரில் டிரைவரின் படம் இருந்தது. படத்தைச் சுற்றி ஒரு மாலை.

டாக்டர் உட்காரவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா டாக்டர்? போயிட்டார். மழைக்காலம் முடியறதுக்குள்ள போயிட்டார். வயித்துக்கு என்னவோ வந்துச்சு. சாப்பாட்டுல ஏதோ இருந்திருக்கும்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு டாக்டர். பல்லு வலின்னு அதுக்கப்புறம் அவர் ஒரு நாள் சொல்லல. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் உங்களைத்தான் சொல்லிட்டிருந்தார்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நல்லவேளையாக வந்தீர்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய் எதையோ எடுத்துவந்தார். பழுப்புக் காகித உறை. பிரிக்காதது.

"வண்டி ஓட்டுற ஊர்ல பல்லு வலிச்சா வேணும்னு உங்க அக்காகிட்ட கேட்டு இன்னொண்ணு வாங்கி வெச்சிருந்தார். எங்க மருமகளுக்கு நேத்துலேர்ந்து பல்லு வலி, தூங்கவே இல்ல. பச்சைப் புள்ளைக்குப் பால் குடுக்கிறவ. இதக் குடுக்கலாமான்னு உங்க கிளினிக்குப் போன் பண்ணேன், யாரும் எடுக்கல. குடுக்கலாமில்ல டாக்டர்?"

டாக்டர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கையை நீட்டிக் கவரை வாங்கிக்கொண்டார்.

"குடுக்காதீங்கம்மா. மருமகளை நானே பாக்கறேன், பல்லைத் தொறந்து சரி பண்ணிடலாம். இது வேண்டாம்."

"ஏன் டாக்டர்? பழசாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அந்த அம்மாவும் நம்பியிருப்பார், மருமகளும் தப்பியிருப்பாள், இவரும் மரியாதையோடு தெருவில் இறங்கியிருப்பார். அந்த வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. டாக்டர் அதை விழுங்கினார். நின்ற இடத்திலேயே, படத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னார். அந்த மாத்திரைதான் குடலைக் கெடுத்திருக்க வேண்டும் என்றார். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் தன் அக்காவுக்கு அதேதான் நடந்தது என்றார். போன் செய்தபோது நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தப்பு என்றார்.

அந்த அம்மா கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளறையில் குழந்தை சிணுங்கியது, மருமகள் ஏதோ சொல்லிச் சமாதானம் செய்தாள்.

"நான் நிறுத்திடுங்கன்னுதான் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. "உங்க அக்கா போன்ல முடிக்கச் சொன்னதும், டாக்டர் குடுத்தது, நிறுத்தக்கூடாதுன்னு அவர்தான் பிடிவாதமா சாப்பிட்டார்." பிறகு இவர் முகத்தை நேராகப் பார்த்தார். "சரி டாக்டர், சில மருந்து சில பேருக்கு ஒத்துக்காதுன்னு சொல்றாங்க. அது விதி. ஆனா அந்தப் பல்லுக்கு அது தேவையாத்தானே இருந்துச்சு? சாப்பிடாம விட்டிருந்தா அவருக்கு வேற ஏதாவது ஆகியிருக்கும், இல்லையா?"

ஆமாம் என்ற பதிலுக்காக அந்த அம்மா காத்துக்கொண்டு நின்றார்.

"இல்லம்மா" என்றார் டாக்டர். "ஒண்ணும் ஆகியிருக்காது. பல்லு எடுத்தப்பவே அவருக்குச் சரியாயிடுச்சு."